ஃபீனிக்ஸில் மூன்று மாதத் தங்கல்: எந்த மலை, எந்த நேரம், எவ்வளவு தண்ணீர்?

சாண்ட்லர் புதுவரவு:
மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடு வரை அலுவலக வேலையாக அரிசோனாவில், ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் தங்கல். ஏப்ரல் கடைசியில் அம்மா அப்பாவும் வருகிறார்கள். சனி, ஞாயிறு மட்டும்தான் கையில். மலைப்பாதைகள், பார்க்க வேண்டிய இடங்கள் பற்றி அங்கே நடந்து பழகியவர்கள் விவரமாக எழுதுங்களேன்.

காலைநடை:
எந்த இடம் என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் எந்த நேரம் என்று முடிவு செய்யுங்கள். உங்கள் மூன்று மாதமும் மூன்று தனித்தனி ஊர்கள் மாதிரி இருக்கும். மார்ச்சில் பெரும்பாலும் பகல் முழுக்க நடக்கலாம். ஏப்ரல் கடைசியில் காலை பத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஜூனில் கிழக்கு வெளுக்கும்போது பாதையில் கால் வைத்து, ஏழரைக்கு வண்டிக்குத் திரும்பியிருக்க வேண்டும். அங்கே கடிகாரத்தைக் கோடைக்காக மாற்றுவதில்லை. அதனால் ஜூனில் சூரியன் 5:20-க்கே வந்துவிடும். ஊருக்குப் போன் பேசவும் இது வசதி, ஆண்டு முழுக்க இந்தியாவோடு பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம்தான்.

எல்லோரும் முதலில் கேட்பது கேமல்பேக் மலை. உயரம் சுமார் 2,700 அடி. எக்கோ கேன்யன் பாதை ஒரு பக்கம் 1.2 மைல்தான்; அந்தத் தூரத்துக்குள் ஏறத்தாழ 1,280 அடி ஏறியாக வேண்டும். தூரத்தை மட்டும் பார்த்து ஒரு சின்ன பாட்டில் தண்ணீரோடு கிளம்புகிறவர்கள்தான் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டு இடங்களில் கம்பியைப் பிடித்து வழுக்குப் பாறையில் ஏற வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு உருண்டைப் பாறைகளைக் கையும் காலும் போட்டுக் கடக்க வேண்டும். அடி சறுக்குவது பெரும்பாலும் இறங்கும்போதுதான்: முட்டி தளர்ந்திருக்கும், பாறைமேல் பரல்மணல் உருளும். அடிப்பாகம் தேய்ந்த ஓட்டக் காலணியோடு போகவே போகாதீர்கள். வண்டி நிறுத்துமிடம் சிறியது. குளிர்கால விடுமுறை நாட்களில் விடியும்போதே நிரம்பிவிடும். சுற்றுத் தெருக்களில் நிறுத்தினால் அபராதச் சீட்டு நிச்சயம். கிழக்குப் பக்கத்து சோய்யா பாதை சற்று நீளம், தொடக்கம் சாய்வு குறைவு. கடைசிக் கால்பங்கு மட்டும் பாறைமுதுகில் போகும்.

தேசிய வானிலை மையம் கடும் வெப்ப எச்சரிக்கை விடுக்கும் நாட்களில் கேமல்பேக்கின் இரண்டு பாதைகளையும் நகரின் இன்னொரு மலையான பையெஸ்டெவா உச்சிப் பாதையையும் காலை 8 முதல் மாலை 5 வரை நகராட்சி மூடிவைக்கிறது. ஜூனில் போவதற்கு முந்தின இரவே பார்த்துக்கொள்ளுங்கள். இதை அதிகப்படியான கண்டிப்பு என்று நினைக்க வேண்டாம். 2023-இல் தொடர்ந்து 31 நாள் 110 பாரன்ஹீட்டுக்குக் குறையாமல் அடித்த ஊர் அது; நம் கணக்கில் 43 டிகிரிக்கும் மேல்.

தண்ணீர்க் கணக்கு: மார்ச்சில் ஒரு மணி நேர நடைக்கு அரை லிட்டர், மே முதல் ஒரு லிட்டர், தலைக்குத் தலை தனியாக. பாதித் தண்ணீர் தீர்ந்ததும், உச்சி கண்முன்னே தெரிந்தாலும், திரும்பிவிடுங்கள். சென்னையில் வெயிலில் நடந்தால் சட்டை நனைகிறது, உடம்பு எச்சரிக்கிறது. ஃபீனிக்ஸில் காற்றில் ஈரமே இல்லாததால் வேர்வை தோலில் தங்காமல் உலர்ந்துவிடும். வேர்க்கவே இல்லையே என்று தோன்றும் நேரத்தில் உடம்பு லிட்டர் கணக்கில் இழந்துகொண்டிருக்கும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலியும் குமட்டலும் வரும். ஊரிலிருந்து எலெக்ட்ரால் பெரிய பொட்டலம் பத்து வாங்கிப் போங்கள். ஒரு லிட்டருக்கு ஒன்று. கூடவே உப்புக்கடலை.

கூட வருபவர் பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது களைப்பு இல்லை, வெப்பத்தாக்கு. நிழலில் படுக்கவைத்து, இருக்கிற தண்ணீரைக் கழுத்திலும் அக்குளிலும் ஊற்றிக்கொண்டே 911-ஐ அழையுங்கள். பாதையோரக் கம்பத்தில் எண் இருந்தால் அதைச் சொல்லுங்கள், தேடி வருகிறவர்களுக்கு அதுதான் முகவரி.

டெம்பி கரையோரம்:
அம்மா அப்பாவுக்கு கேமல்பேக் வேண்டாம். பபாகோ பூங்காவில் ஹோல் இன் த ராக் என்ற ஓட்டைப் பாறை இருக்கிறது. பின்பக்கமாகச் சுற்றிப் போனால் பத்து நிமிட ஏற்றம். மேலே போய் ஓட்டைக்குள் உட்கார்ந்தால் நகரமும் பனைமரக் குளங்களும் தெரியும். முற்காலத்தில் அங்கே வாழ்ந்த ஹோஹோகம் பழங்குடி மக்கள் இந்த ஓட்டை வழியாக விழும் வெளிச்சத்தை வைத்துச் சூரியனின் போக்கைக் கணித்தார்கள் என்று சொல்வதுண்டு. பாறை வழவழவென்று தேய்ந்திருக்கிறது. செருப்போடு விடாதீர்கள்; பின்னால் பட்டை உள்ள காலணி வேண்டும். புடவை கட்டுகிறவர்கள் ஏறிவிடுவார்கள். இறங்கும்போது மட்டும் ஒருவர் முன்னால் நிற்க வேண்டும்.

அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் பாலைவனத் தாவரவியல் பூங்கா. 1939-இல் திறந்தது, 140 ஏக்கர். முக்கியப் பாதைகள் சமதளம், சக்கர நாற்காலியும் போகும். ஏப்ரல் கடைசியில் திறக்கும் நேரத்துக்கே உள்ளே போனால் இரண்டரை மணி நேரம் நிதானமாகப் பார்க்கலாம். நம் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியின் தாய்வீடு அமெரிக்கக் கண்டம்தான். சோனோரன் பாலை முழுக்க நிற்கும் மெஸ்கீட் மரமும் நம் சீமைக்கருவேலமும் ஒரே இனத்துப் பங்காளிகள். ஊரில் வேரோடு பிடுங்கத் துடிக்கிற மரத்தின் உறவை அங்கே நெற்றைப் பொறுக்கி மாவாக அரைத்துச் சாப்பிட்டு மக்கள் பல நூற்றாண்டு வாழ்ந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு விவசாயப் பழக்கம் உண்டென்றால் அந்தப் பகுதியில் நெடுநேரம் நிற்பார், அவசரப்படுத்த வேண்டாம்.

மதியம் பதினொன்று முதல் நான்கு வரை குளிரூட்டிய இடம் வேண்டும். வடக்கே ஸ்காட்ஸ்டேல் எல்லையில் இசைக்கருவி அருங்காட்சியகம் இருக்கிறது, 2010-இல் திறந்தது. காதில் மாட்டுகிற கருவியைக் கொடுக்கிறார்கள். எந்த நாட்டுப் பகுதியை நெருங்குகிறீர்களோ அந்த இசை தானாகக் கேட்கும். ஆங்கிலப் பலகை படிக்கத் தேவையில்லாததால் பெரியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஊரில் இல்லை என்பது என் எண்ணம். ஒரே மதியத்தில் எல்லாம் பார்க்க முடியாது. ஆசியாவும் ஆப்பிரிக்காவும் போதும்.

மாலைக்கு சவுத் மவுண்டன் பூங்காவின் டாபின்ஸ் முனை. 2,330 அடி உயரம், உச்சி வரை தார்ச்சாலை. சூரியன் மறைவதற்கு நாற்பது நிமிடம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். சாலை குறுகல், சைக்கிள்காரர்கள் நிறைய. கீழ் வாசல் மூடும் நேரத்தைப் போகும்போதே பலகையில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கோயிலுக்கென்றால் தெற்கே மரிக்கோப்பாவில் மகா கணபதி கோயில். நடை திறக்கும் நேரம் வார நாளுக்கும் வார இறுதிக்கும் மாறும், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வாய்க்கால்கரை:
கேட்டவர் சாண்ட்லர் என்கிறார், வீட்டுப் பக்கத்திலேயே வாய்க்கால் ஓடலாம். அதை வெறும் கான்கிரீட் கால்வாய் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். ஏறத்தாழ கி.பி. 1450 வரை ஹோஹோகம் மக்கள் கல், மரக் கருவிகளைக் கொண்டே சால்ட் ஆற்றிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்தார்கள். அவர்கள் ஊரை விட்டுப் போய் நானூறு ஆண்டு கழித்து, 1860-களின் கடைசியில் வந்த குடியேறிகள் அந்தத் தூர்ந்த தடங்களையே தோண்டித் தண்ணீர் விட்டார்கள். பழைய ஊரின் சாம்பலிலிருந்து எழுந்தது என்பதால்தான் ஃபீனிக்ஸ் என்ற பெயரும். இன்றைய கால்வாய்களில் சில அதே வழியில்தான் ஓடுகின்றன.

கண்ணால் பார்க்க, விமான நிலையத்தை ஒட்டி, முன்பு புவெப்லோ கிராண்டே என்று இருந்து 2023-இல் அங்குள்ள ஓதம் பழங்குடியினரின் மொழிப் பெயருக்கு (S'edav Va'aki) மாறிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஹோஹோகம் மக்கள் கட்டிய மேட்டைச் சுற்றி அரை மைலுக்கும் சற்றுக் கூடுதலான நடை. பழைய வாய்க்காலின் குழிவு தெளிவாகத் தெரியும். வண்டி இல்லாவிட்டாலும் இலகு ரயிலில் 44-ஆவது தெரு நிறுத்தத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் போதும். வாய்க்கால் கரைகள் தினசரி நடைக்கும் நல்லவை: சமதளம், வழி தவறாது. நிழல் மட்டும் கிடையாது.

சாண்ட்லர் புதுவரவு:
நன்றி. பாம்பு, தேள் பயம் வீட்டில் நிறைய. உண்மையிலேயே எவ்வளவு கவனம் வேண்டும்? முள் பற்றியும் சொல்லுங்கள்.

முள்வாங்கி:
நடைமுறையில் பாம்பைவிட முள்தான் தினசரித் தொல்லை. டெடி பேர் சோய்யா என்ற கள்ளி தூரத்தில் பஞ்சுப்பொதி மாதிரி மின்னும். அதன் துண்டுகள் லேசாக உரசினாலே கழன்று ஒட்டிக்கொள்ளும், பாய்ந்து வந்தது போல. கையால் எடுக்கப் போனால் கையிலும் ஏறும், ஒவ்வொரு முள்ளிலும் பின்னோக்கிய செதில் உண்டு. பையில் ஒரு சீப்பு வேண்டும். தோலுக்கும் உருண்டைக்கும் நடுவே சீப்பை நுழைத்து, ஆளில்லாத பக்கமாக ஒரே உந்தில் தள்ளுங்கள். மிச்ச முட்களை இடுக்கியால், நுழைந்த கோணத்திலேயே இழுக்க வேண்டும். சப்பாத்திக்கள்ளியின் மயிர்முள் வேறு வகை, கண்ணுக்கே தெரியாது. இடுக்கியால் எடுத்தது போக மீதிக்கு வெள்ளைப் பசை தடவி, மேலே மெல்லிய துணி ஒட்டி, காய்ந்ததும் உரியுங்கள்.

விரியன் வகைப் பாம்பு (வாலில் கிலுகிலுப்பை உள்ளது) ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நடமாடும். சத்தம் கேட்டால் முதலில் நில்லுங்கள். எங்கிருந்து என்று பார்த்துவிட்டுப் பின்னால் நகருங்கள். இரண்டு காதிலும் பாட்டு மாட்டிக்கொண்டு நடந்தால் அந்த எச்சரிக்கையே கிடைக்காது. பார்க்காத இடுக்கில் கை வைக்கக் கூடாது. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றுங்கள், வீக்கம் வேகமாக வரும். ஆளை நடக்கவிடாமல் 911. தேளுக்கும் மற்ற நச்சுச் சந்தேகங்களுக்கும் 1-800-222-1222, இருபத்து நாலு மணி நேரமும் ஆள் இருப்பார்கள். தேள் ஊதாக்கதிர் விளக்கில் பச்சையாக ஒளிரும். தரைத்தள வீடென்றால் ஒரு சின்ன விளக்கு வாங்கி ராத்திரி சுவரோரம் அடித்துப் பாருங்கள், காலையில் காலணியை உதறிப் போடுங்கள்.

தேனீக்கூட்டம் துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு நேராக ஓடி, வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்த வேண்டும். நின்று விசிற விசிற இன்னும் சேரும்.

காலைநடை:
சூப்பர்ஸ்டிஷன் மலையை யாரும் சொல்லவில்லையே. மார்ச்சிலேயே போய்விடுங்கள். லாஸ்ட் டச்மேன் பூங்காவில் சைஃபன் டிரா பாதை, அதற்கு மேல் ஃபிளாட்அயர்ன் முனை. போக வர ஆறு மைலுக்குள்தான், ஏற்றமோ 2,600 அடிக்கும் மேல். ஐந்து முதல் ஏழு மணி நேரம். பாறைக்கிண்ணம் வரை ஒழுங்கான தடம். அதற்கு மேல் தடம் என்று எதுவும் பராமரிக்கப்படுவதில்லை. ஓடை இடுக்கில் பாறை தாவித்தான் ஏற வேண்டும், கடைசியில் இரண்டு ஆள் உயரச் சுவர் ஒன்று. வழி தவறுவது இறங்கும்போது: பக்கத்து இடுக்கு அதே மாதிரி தெரியும், போனால் செங்குத்தில் முடியும். ஏறும்போதே அடிக்கடி திரும்பிப் பார்த்து மனதில் வையுங்கள். பகல் ஒரு மணிக்கு எங்கே இருக்கிறீர்களோ அங்கிருந்து திரும்பிவிட வேண்டும். குளிர்காலத்தில் நல்ல மழை பெய்திருந்தால் அடிவாரம் முழுக்கப் பொன்னிறப் பாப்பிப் பூ. அதைப் பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு டிரஷர் லூப், 2.4 மைல்.

கிராண்ட் கேன்யனுக்கு நான்கு மணி நேர ஓட்டம். தெற்கு விளிம்பு 7,000 அடி. சாண்ட்லரில் வேர்க்கும் ஏப்ரலில் அங்கே பனி விழலாம். அம்மா அப்பாவுக்குக் கம்பளி எடுத்துப் போங்கள். ஆன்டிலோப் கேன்யன் போவதானால் கைப்பேசி நேரத்தை நம்பாதீர்கள். அது இருக்கும் நவஹோ பழங்குடியினரின் மண்ணில் கோடை நேரம் உண்டு, பக்கத்து பேஜ் ஊரில் இல்லை. எந்தக் கைப்பேசிக் கோபுரத்தின் அலை கிடைக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு மணி நேரம் தாவும். சுற்றுலாச் சீட்டில் யாருடைய நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாய்க்கால்கரை:
ஒன்று விட்டுப்போனது, மிக முக்கியம். அங்குள்ள புழுதியில் ஒரு பூஞ்சை உண்டு. மூச்சில் போனால் வேலி ஃபீவர் என்ற காய்ச்சல். ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து இருமல், காய்ச்சல், விடாத அசதி என்று வரும். பலருக்குத் தானாகச் சரியாகிவிடும், சிலருக்கு நுரையீரலில் தங்கிவிடும். ஊர் திரும்பிய பிறகு வந்தால் ஊடுகதிர்ப் படத்தில் காசநோய் போலத் தெரியக்கூடும். நம் மருத்துவர்களுக்கு இது அன்றாடம் பார்க்கும் நோய் அல்ல. அரிசோனாவில் இருந்தேன் என்று நீங்களாகச் சொன்னால்தான் அதற்கான ரத்தப் பரிசோதனை நினைவுக்கு வரும். அம்மா அப்பாவிடமும் சொல்லி அனுப்புங்கள்.

புழுதிப்புயல் கணக்கில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை பருவம். நீங்கள் கிளம்பும் வாரம் தொட்டுக்கொள்ளும். நெடுஞ்சாலையில் சுவர் மாதிரி வந்தால் சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி, எல்லா விளக்குகளையும் அணைத்து, கைத்தடை போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பின்விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவர் அதையே வழி என்று நம்பி வந்து மோதுவார்.

டெம்பி கரையோரம்:
அம்மா அப்பா மே மாதமும் இருந்தால் ஒரு காலை சவாரோ கள்ளிக்கு ஒதுக்குங்கள். ஒரு கிளை விடவே பெரும்பாலும் ஐம்பது ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் மரம் அது. கிளை உள்ள ஒவ்வொன்றும் அப்பாவைவிட மூத்ததாக இருக்கக்கூடும். வெள்ளைப் பூ இரவில் விரிந்து மறுநாள் பிற்பகலில் மூடிக்கொள்ளும், ஒரு பூவுக்கு ஒரு நாள்தான். ஸ்காட்ஸ்டேலில் மெக்டவல் சோனோரன் பாலைக் காப்பகத்தின் கேட்வே நுழைவாயிலில் கட்டணம் இல்லை, கழிப்பறையும் குடிநீரும் உண்டு, அருகிலேயே சமதளக் குட்டிப் பாதையும் இருக்கிறது. ஆறு மணிக்குப் போங்கள். பூ உச்சியில் இருக்கும், அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். ஒரு தொலைநோக்கி எடுத்துப் போனால் புறாக்கள் தலையை உள்ளே விட்டுத் தேன் குடிப்பதும் தெரியும்.