ஃபெராரி எஃப்355: குளிர்ந்த எஞ்சினில் டிக்டிக் சத்தம், வாங்கலாமா?

புதுச்சாவி:
வணக்கம். இங்கிலாந்தில் இருக்கிறேன். பள்ளிக்கூட நாளில் சுவரில் படமாக ஒட்டி வைத்திருந்த கார் இப்போது பக்கத்து ஊரில் விற்பனைக்கு நிற்கிறது. 1998 மாடல் ஃபெராரி எஃப்355, ஆறு கியர் மேனுவல், 38,000 மைல். டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூடவைக்கும் ரப்பர் பெல்ட்) மாற்றி ஏழு வருடம் ஆகிறது. "அதுக்கப்புறம் 1,100 மைல்தான் ஓடியிருக்கு, பெல்ட் புதுசு மாதிரி" என்கிறார் விற்பவர். ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் வலது பக்கம் டிக்டிக் என்று ஒரு சத்தம். ஐந்து நிமிடத்தில் நின்றுவிட்டது. இரண்டாவது கியர் விழவே மாட்டேன் என்றது. மற்றபடி பளபளவென்று இருக்கிறது, விலையும் குறைவு. வாங்கலாமா?

பழைய ஸ்பானர்:
தம்பி, முதலில் பெல்ட். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் கெட்டுப்போகும். ஏழு வருடம் அதிகம். 355-இல் பெல்ட் மாற்ற எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துக் கீழ்வழியாக இறக்க வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்துதான் ஆளாளுக்குத் தள்ளிப் போட்டு, கடைசியில் அடுத்தவர் தலையில் கட்டுகிறார்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். எட்டு சிலிண்டர், சிலிண்டருக்கு ஐந்து வால்வ். நாற்பதுக்கும் கணக்குப் போட்டுக்கொள்.

அந்த டிக்டிக், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) வெடிப்பாகத்தான் இருக்கும். இந்த காருக்குப் பேர்போன நோய். குளிர்ந்திருக்கும்போது விரிசல் வழியாகப் புகை கசியும், சூடேறி உலோகம் விரிந்ததும் அடைத்துக்கொள்ளும். சத்தம் நின்றதென்று சந்தோஷப்படாதே.

இரண்டாவது கியரை விடு. ஆயில் சூடாகும் வரை அந்தக் காலத்து ஃபெராரிகள் அப்படித்தான். சூடான பிறகும் கரகரத்தால் மட்டும் கவலைப்படு.

மழைக்கோட்டு:
என்னிடம் 355-க்கு அடுத்து வந்த ஃபெராரி 360 மொடெனா இருக்கிறது. அதில் சீட்டுக்குப் பின்னால் உள்ள மூடியைக் கழற்றியே பெல்ட் மாற்றிவிடலாம், எஞ்சினை இறக்க வேண்டாம். காசைப் பார்த்தால் 360-தான். 355-இன் சத்தம் இதற்கு வராது, அது எனக்கே தெரியும்.

நீலப் புகை வந்ததா? ஆரம்பகால 355-களில் வெண்கல வால்வ் கைடு (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்) சீக்கிரம் தேயும், ஆயில் உள்ளே கசிந்து எரியும். பின்னால் வந்தவை பரவாயில்லை. எதற்கும் லீக்-டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்திக் கசிகிறதா என்று பார்ப்பது) செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கார் நம்பரைப் போட்டால் எம்.ஓ.டி. (இங்கே வருடாவருடம் செய்யும் வாகனத் தகுதிச் சோதனை) விவரம் அரசு தளத்தில் இலவசமாக வரும், மைல் கணக்கோடு. உள்ளே ஸ்விட்ச் எல்லாம் பலாப்பழம் உரித்த கை மாதிரி ஒட்டும். அது எல்லா 355-இலும் உண்டு, பேரம் பேச மட்டும் ஆகும்.

பழைய ஸ்பானர்:
இன்னொன்று. அடுத்த முறை போகும்போது, நீ வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல். போனதும் சைலன்சர் பக்கம் கை வைத்துப் பார். வெதுவெதுப்பாக இருந்தால் ஏதோ மறைக்கிறார். ஆயில் அளவை எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும், டிரை சம்ப் (ஆயில் எஞ்சின் அடியில் தேங்காமல் தனித் தொட்டியில் இருக்கும் அமைப்பு) என்பதால்.

புதுச்சாவி:
நன்றி அண்ணா, நன்றி மழைக்கோட்டு. எம்.ஓ.டி. பார்த்தேன், நடுவில் மூன்று வருடம் சோதனையே இல்லை. கேட்டால் கராஜில் சும்மா நின்றதாம். தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப்போய் லிஃப்டில் ஏற்றினோம். வெப்பத் தகட்டைக் கழற்றியதும் வலது மேனிஃபோல்டின் வெல்டிங் ஓரம் விரல் நீளத்துக்குக் கரிக்கோடு. லீக்-டவுனில் ஏழு சிலிண்டர் நன்றாக இருக்கிறது, ஒன்று மட்டும் வால்வ் பக்கம் கசிகிறது. பெல்ட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் கழித்துக்கொள்ளச் சொன்னேன், பாதிக்குச் சம்மதிக்கிறார்.

பழைய ஸ்பானர்:
அந்த வால்வ் கசிவுக்காக ஹெட் (வால்வுகள் இருக்கும் எஞ்சின் மேல்பகுதி) கழற்றும் செலவை இன்னும் சேர்க்கவே இல்லையே? எஞ்சின் வெளியே வந்தால் தண்ணீர் ஹோஸ்களும் மாற்றியாக வேண்டும். கிளட்ச் பின்னால் இருப்பதால் அதற்கு இறக்க வேண்டாம், அது ஒன்றுதான் மிச்சம். முழுசாகக் கேள். இல்லையென்றால் எழுந்து வந்துவிடு.

புதுச்சாவி:
கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டார், வந்துவிட்டேன். மழைக்கோட்டு, அந்த 360 மூடியைத் திறக்க சீட்டைக் கழற்ற வேண்டுமா?