புதுப்பிப்பு: 'எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்' – கலந்து படித்ததன் முடிவு

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நாவல் வரிசையில், முக்கியப் பாத்திரங்களான ஜான், டைரியன், டெனேரிஸ் ஆகியோரின் பார்வையில் சொல்லும் அத்தியாயங்கள் இல்லாத இந்த நான்காம் பாகத்தைப் பாதியில் விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பலித்தது, 2005-இல் வந்த இதையும் 2011-இல் வந்த ஐந்தாம் பாகமான 'எ டான்ஸ் வித் டிராகன்ஸ்' நாவலையும் அத்தியாயம் மாற்றி மாற்றிப் படிக்கும் யோசனைதான். இரண்டும் பெரும்பகுதி ஒரே காலத்தில், வெவ்வேறு இடங்களில் நடப்பவை. வீராங்கனை பிரியெனின் அலைச்சல் இடைவெளி விட்டு வரும்போது அலுக்கவில்லை. ராணி செர்சியின் சரிவு இன்னும் கூர்மையாகிறது. ஐந்தாவதில் செர்சியும் அவள் சகோதரன் ஜேமியும் தலைகாட்டுமுன் நான்காவதை முடித்துவிட வேண்டும்.

எதிர்பாராத சிக்கல்: ஜான் தன் நண்பன் சாமை அனுப்பிவைக்கும் காட்சி இரண்டிலும் உண்டு. ஐந்தாவதில் ஜானின் இரண்டாம் அத்தியாயத்தை முதலில் படித்தால், சாமுடன் பயணிக்கும் கில்லி என்ற பெண்ணின் குழந்தை பற்றிக் கப்பலில் சாமுக்குத் தெரியவரும் ரகசியம் உடைந்துவிடும். நான்காவதில் வரும் சாமின் கப்பல் பயணத்தை முன்னால் வையுங்கள்.