திருவனந்தபுரம் – சிகாகோ: பயணச்சீட்டில் 11 மணி, இணையத்தில் 18 மணி, எது சரி?

பாளையங்கோட்டைவாசி:
ஜூன் மாதம் என் தாயார் சிகாகோவிலுள்ள தம்பி வீட்டுக்குத் தனியாகச் செல்கிறார். திருவனந்தபுரத்தில் அதிகாலை 4.30க்குப் புறப்பட்டு, துபாயில் 7.15க்கு இறங்கி, 9.45க்கு அடுத்த விமானம் ஏறி, அன்று பிற்பகல் 3.45க்கே சிகாகோ சேர்வதாகச் சீட்டில் இருக்கிறது. பார்த்தால் பதினொன்றேகால் மணி நேரம்தான். தூரம் காட்டும் இணையதளமோ 14,200 கி.மீ., நேராகப் பறந்தாலே 18 மணி நேரம் என்கிறது. அவருக்கு மாத்திரை வேளைகளைக் குறித்துக் கொடுக்க வேண்டியிருப்பதால் கேட்கிறேன்.

தாமிரபரணிக்கரை:
அண்ணாச்சி, சீட்டில் இருப்பவை அந்தந்த ஊர்க் கடிகார நேரங்கள். கோடையில் சிகாகோ நமக்குப் பத்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அதைக் கூட்டினால் மொத்தம் இருபத்தொன்றே முக்கால் மணி நேரம். துபாய்க்கு நாலேகால், அங்கே காத்திருப்பு இரண்டரை, பிறகு ஒரே மூச்சில் பதினைந்து.

இணையதளக் கணக்கு வெறும் வகுத்தல்தான்: தூரத்தைச் சராசரி வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்துவிடுகிறார்கள். அப்படியொரு நேரடி விமானமே கிடையாது. உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் அந்த 14,200 கி.மீ. பாதை ஆர்க்டிக் வழியாகப் போவது தெரியும். துபாய் வழியில் ஏறத்தாழ 2,950 கி.மீ.யும் 11,640 கி.மீ.யும் சேர்ந்து 14,600க்குள் முடிந்துவிடுவதால், சுற்று என்று பார்த்தால் 400 கி.மீ.தான். திரும்பும்போது மேலடுக்கில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், சிகாகோ – துபாய் பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறையும்.

வள்ளியூரான்:
டெல்லி வழி இன்னும் நேரானது. மொத்தம் 14,300 கி.மீ.கூட வராது. ஆனால் 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபின், டெல்லியிலிருந்து மேற்கே செல்லும் நம் நாட்டு விமானங்கள் சுற்றிப் போய், வழியில் எரிபொருள் நிரப்ப இறங்கியதும் உண்டு. வயதானவருக்குத் துபாய் வழியே மேல்.

பாளையங்கோட்டைவாசி:
தெளிவாகிவிட்டது, நன்றி. வீட்டிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படலாம்?

தாமிரபரணிக்கரை:
இரவு எட்டரைக்கே கிளம்பிவிடுங்கள். நாகர்கோவில் வரை நாற்கரச் சாலையில் வண்டி வேகமாகப் போய்விடும். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று ஊர்கள் நெருங்கும் பகுதியில்தான் நேரம் போகும். ஒன்றரைக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். துபாயில் நடை அதிகம் என்பதால் சக்கர நாற்காலி வசதியை இப்போதே சீட்டில் பதிந்துவிடுங்கள். மாத்திரைகள் கைப்பையிலேயே இருக்கட்டும். அம்மாவின் கைக்கடிகாரத்தைச் சிகாகோ சேரும்வரை இந்திய நேரத்திலேயே விட்டுவிட்டால் வேளை தவறாது. அங்கே போனபின் வேளைகளை எப்படி மாற்றுவது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.