எக்ஸ்போஷருக்கு ‘வெளிப்பாடு’ பொருந்தவில்லை: ‘படுமானம்’ என்றொரு பரிந்துரை

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

நஞ்சோ கதிரோ கிருமியோ ஒருவர் மேல் படுவதை ஆங்கிலத்தில் எக்ஸ்போஷர் (exposure) என்கிறார்கள். தமிழில் அதை ‘வெளிப்பாடு’ என்று எழுதுவது சரியா என்று நம் குழும மடல் இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நண்பர்கள் கேட்டவற்றை இடையிடையே மேற்கோளாகக் கொடுத்துப் பதில் சொல்கிறேன். நஞ்சியல், கதிர்வீச்சுப் பாதுகாப்பு, விலங்குவழி நோய்கள் என மூன்று துறைக்கும் இந்த ஒரு சொல் அடித்தளமாக இருப்பதால் மடல் கொஞ்சம் நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் அனுபவம். வேதிப்பொருள்களைக் கையாளும் தொழிலாளர்களுக்கான ஒரு பாதுகாப்புக் கையேட்டைத் தமிழாக்கியபோது, “கரைப்பான் வெளிப்பாட்டைக் குறைக்க வேண்டும்” என்று எழுதியிருந்தேன். பல ஆண்டுகள் கரைப்பான்களோடு வேலை செய்த ஒருவரிடம் படித்துப் பார்க்கக் கொடுத்தேன். அவர் கேட்டார்: “டப்பா ஒழுகாம பாத்துக்கணும்னு சொல்றீங்க, சரி. ஆவியை நாங்க இழுக்கிறதைப் பத்தி ஒண்ணுமே எழுதலையே?” நான் எழுதிய வாக்கியமே ஆவியை இழுப்பது பற்றியதுதான். ஆனால் தமிழில் அது அப்படிச் சொல்லவில்லை. அவர் படித்ததுதான் சரி.

தமிழில் ‘வெளிப்படு’ என்றால் உள்ளே இருந்தது வெளியே வருவது. உண்மை வெளிப்படும், குணம் வெளிப்படும், குழாயிலிருந்து வாயு வெளிப்படும். ஆகவே ‘பாதரச வெளிப்பாடு’ என்றால் பாதரசம் எங்கிருந்தோ வெளியேறியது என்றுதான் தமிழ் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நாம் சொல்ல வந்ததோ, பாதரசம் ஒருவர் மேல் பட்டது, அல்லது அவருக்குள் போனது. திசையே தலைகீழாகிவிடுகிறது. நஞ்சு வெளியேறுவதும் மனிதர் மேல் படுவதும் இரண்டு தனி நிகழ்ச்சிகள். முதலாவதை ஆலை தடுக்க வேண்டும், இரண்டாவதற்கு முகமூடியும் காற்றோட்டமும் வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் குழப்பினால் பாதுகாப்பு அறிவுரைக்கே பொருள் இல்லாமல் போகும்.

> ‘ஆட்படல்’ ஏற்கெனவே சிலர் பயன்படுத்துவதுதானே? அதையே வைத்துக்கொள்ளலாமே.

இதுவரை வந்தவற்றில் இதுதான் நெருக்கமானது. நானும் சில காலம் இதையே எழுதினேன். ஆனால் ஆட்படுதலில் அடிமையாதல், வசப்படுதல் என்ற பொருள் ஏறியிருக்கிறது. ஒன்றுக்கு ஆட்பட்டார் என்றாலே விளைவும் சேர்ந்து வந்துவிடுகிறது. எக்ஸ்போஷர் என்ற சொல்லில் விளைவு அடங்கவில்லை. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொள்பவர் மேல் சுமார் 0.1 மில்லிசீவர்ட் (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) கதிர் படுகிறது. இயற்கையிலிருந்து மட்டும் உலக சராசரியாக ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. அந்த நோயாளியைக் ‘கதிர்வீச்சுக்கு ஆட்பட்டவர்’ என்று எழுதினால், தேவையில்லாத பயத்தை நாமே ஊட்டுகிறோம். ‘பாதிப்பு’, ‘தாக்கம்’ ஆகிய சொற்களுக்கும் இதே குறைதான். ‘தொடர்பு’ என்று ஒருவர் சொன்னார். தொட்டால்தான் தொடர்பு, கதிருக்குத் தொடவேண்டிய தேவை இல்லை.

அப்படியானால் இதைத் தமிழர் இதுவரை எப்படித்தான் சொல்லி வந்தார்கள்? இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் விடை கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. வெயில் படாமல் வை. காற்றுப் படாமல் மூடு. கை படாத பண்டம். தண்ணீர் பட்டால் கெட்டுவிடும். பட்டும் படாமலும் இரு. எல்லா இடத்திலும் ‘படு’. அதில் தொடுவதும் அடங்கும், தொடாமல் வந்து விழும் ஒளியும் அடங்கும். விளைவு உண்டா இல்லையா என்பதைச் சொல் முன்கூட்டியே தீர்மானிப்பதில்லை. வெயில் படுவது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். நமக்கு வேண்டியது சரியாக இதுதான்.

இனி இந்த வினையிலிருந்து ஒரு பெயர்ச்சொல் வேண்டும். ‘படுகை’ இலக்கணப்படி சரி, ஆனால் ஆற்றுப் படுகையும் நிலக்கரிப் படுகையும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. ‘பாடு’ என்றால் துன்பம் என்றாகிவிடும். ‘படல்’ தட்டியையும் மறைப்பையும் நினைவூட்டும். நான் முன்வைப்பது படுமானம்.

வருவது வருமானம், தேய்வது தேய்மானம், பெறுவது பெறுமானம். இந்த வரிசையில் படுவது படுமானம். இவற்றில் ஓர் அளவும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். வருமானம் என்றதும் ‘எவ்வளவு?’ என்று கேட்கத் தோன்றுகிறது. எக்ஸ்போஷரும் அப்படிப்பட்ட சொல்தான். எவ்வளவு செறிவு, எவ்வளவு நேரம், எத்தனை முறை என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அதற்குப் பொருள்.

> மானம் என்பது வடசொல் அல்லவா? தூய தமிழ் ஈறு ஏதாவது பார்க்கலாமா?

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் தேய், பெறு, கட்டு எனத் தமிழ் வினைகளோடு சேர்ந்து இந்த ஈறு நெடுங்காலமாக வீட்டிலும் சந்தையிலும் புழங்குகிறது. இன்னொரு பயனும் உண்டு. வெப்பமானி, அழுத்தமானி என்று அளக்கும் கருவிகளுக்கு ‘மானி’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது. கதிர்வீச்சுப் பணியாளர்கள் மார்பில் குத்திக்கொள்ளும் பேட்ஜை இனிப் படுமானி எனலாம். படுமானத்தை அளப்பது படுமானி. விளக்கம் சொல்லாமலே புரிகிற இணை இது, இதை விட எனக்கு மனமில்லை.

> கதிர்வீச்சுத் துறையில் எக்ஸ்போஷர் வேறு, டோஸ் வேறு. ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிவிட வேண்டாம்.

மிகச் சரி. இயற்பியலில் எக்ஸ்போஷர் என்பது எக்ஸ் கதிரோ காமா கதிரோ காற்றில் உண்டாக்கும் மின்னூட்டத்தின் அளவு. ராண்ட்ஜன் என்பது அதற்கான பழைய அலகு. உடல் எவ்வளவு ஆற்றலை உள்வாங்கியது என்பது அடுத்த கட்டம், அதுதான் டோஸ், அதற்கு அலகு கிரே. எந்த வகைக் கதிர், எந்த உறுப்பு என்பதையும் கணக்கில் எடுத்தால் சீவர்ட். ஆகவே வெளியிலிருந்து வந்து பட்டது படுமானம், உள்ளே ஏற்றுக்கொண்டது ஏற்பளவு என்று பிரிக்கலாம். மருந்துக்கு மருந்தளவு என்ற சொல் இருக்கட்டும், நஞ்சையும் கதிரையும் ‘மருந்தளவு’ என்று எழுதுவது மட்டும் வேண்டாம். படுமானி உண்மையில் காட்டுவது ஏற்பளவைத்தானே என்று நீங்கள் கேட்கலாம். கருவி மேல் பட்டதை வைத்து உடலின் ஏற்பளவை மதிப்பிடுகிறோம் என்பதால் பெயர் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

இந்தப் பிரிவினை வேதிப்பொருளுக்கும் அப்படியே பொருந்தும். ஒரே அறையில் ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார், இன்னொருவர் மூட்டை தூக்குகிறார். காற்றில் ஆவியின் செறிவு ஒன்றுதான், இருந்த நேரமும் ஒன்றுதான். மூட்டை தூக்குபவர் அதிகக் காற்றை இழுப்பதால் அவருடைய ஏற்பளவு கூடும். ஈயத்தில் இது இன்னும் கொடுமை. ஒரே அளவு ஈயத்தை விழுங்கினாலும், சிறு குழந்தையின் உடல் பெரியவரின் உடலைவிட 4 முதல் 5 மடங்கு வரை உறிஞ்சிக்கொள்ளக்கூடும். இந்த வேறுபாட்டைச் சொல்ல இரண்டு சொற்கள் கட்டாயம் வேண்டும்.

அடுத்து, இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்: படுதலும் படிதலும்.

எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர் மேல் கதிர் பட்டது. கருவியை நிறுத்தியதும் அது முடிந்தது. அவரைத் தொடுபவருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கதிரியக்கத் தூள் ஒருவர் தோலிலோ உடையிலோ ஒட்டிக்கொண்டால், அது அங்கேயே இருந்து கதிரை வீசிக்கொண்டே இருக்கும், அடுத்தவருக்கும் ஒட்டும். முதலாவதில் கதிர் படுகிறது, இரண்டாவதில் கதிர்ப்பொருள் படிகிறது. இரண்டையுமே ‘கதிர்வீச்சுப் பாதிப்பு’ என்று எழுதுகிறோம். அதனால்தான் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய நோயாளியின் பக்கத்தில் போகப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். (உடலுக்குள் கதிர்ப்பொருளையே செலுத்தும் சிகிச்சைகளும் உண்டு. அவற்றுக்குச் சில நாள் விலகியிருக்கச் சொல்வார்கள். அதற்கும் காரணம் இதே வேறுபாடுதான்.)

1987இல் பிரேசிலின் கோயானியா நகரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கைவிடப்பட்ட புற்றுநோய் சிகிச்சைக் கருவியை இரும்புக்காக உடைத்தபோது சீசியம்-137 வெளியே வந்தது. இருட்டில் நீல நிறமாக ஒளிர்ந்த தூளை வியந்து, வீட்டுக்குக் கொண்டுபோய் உறவினருக்கும் பகிர்ந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். சுமார் 1,12,000 பேரைப் பரிசோதித்ததில் 249 பேரிடம் கதிர்ப்பொருள் படிந்திருந்தது. அந்த நிகழ்ச்சியை இப்போது சொல்லிப் பார்க்கிறேன்: உறை உடைந்து சீசியம் வெளிப்பட்டது, தூள் தோலிலும் உணவிலும் படிந்தது, அதிலிருந்து கதிர் உடலின் மேலும் உள்ளேயும் பட்டது. மூன்று வினைகள், மூன்று நிகழ்ச்சிகள். ‘வெளிப்படு’ தன் சொந்தப் பொருளிலேயே முதல் இடத்தில் நிற்கிறது. ஒன்று மட்டும் எச்சரிக்கை: இதற்காகப் ‘படிமானம்’ என்று எழுதிவிட வேண்டாம். அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு, ஓர் எழுத்து மாறினால் குழப்பமும் வரும். ‘கதிர்மாசு படிதல்’ போதும்.

நஞ்சோ கிருமியோ எந்த வழியாக வந்தது என்பதற்கு படுவழி எனலாம். மூச்சு, வாய், தோல், ஊசிக் காயம். ஜப்பானின் மினமாட்டாவில் படுவழி மீன். ஆலைக் கழிவோடு கடலில் கலந்த மெத்தில் பாதரசம் மீன்களில் சேர்ந்து, அவற்றை உண்டவர்களின் நரம்பு மண்டலத்தைத் தாக்கியது. 1956இல் அந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. தாய்க்கு அறிகுறி குறைவாக இருந்தும் குழந்தை கடுமையான பாதிப்போடு பிறந்ததைப் பார்த்தபோதுதான், நச்சுக்கொடி நஞ்சைத் தடுத்துவிடும் என்ற நம்பிக்கை உடைந்தது. கருவுக்கு நச்சுக்கொடியே படுவழி. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) வேலை செய்தவர்களின் உடையைத் துவைத்த குடும்பத்தாருக்கும் பல பத்தாண்டுகள் கழித்து நோய் வந்திருக்கிறது. அவர்கள் ஆலைக்குள் கால் வைத்ததே இல்லை. படுவழியைக் கேட்காத மருத்துவர் அந்த நோயின் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

> விலங்குவழி நோய்களுக்குத் ‘தொற்று’ இருக்கிறதே, அங்கேயும் இது தேவையா?

அங்கேதான் மிக அவசரமாகத் தேவை, அம்மா. தொற்று என்பது கிருமி உடலில் குடியேறிவிட்ட நிலை. படுமானம் அதற்கு முந்தையது. ரேபிஸை எடுத்துக்கொள்ளுங்கள். அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய எல்லாரும் இறந்துவிடுகிறார்கள். ஆகவே மருத்துவம் முழுக்கப் படுமானத்துக்கும் அறிகுறிக்கும் இடைப்பட்ட நாள்களில்தான் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இதை மூன்று வகையாகப் பிரிக்கிறது. விலங்கைத் தொடுவது, காயமில்லாத தோலை அது நக்குவது முதல் வகை, அதைப் படுமானமாகவே கொள்வதில்லை. இரத்தம் வராத சிறு கீறலும், மறைக்காத தோலை மெல்லக் கவ்வுவதும் இரண்டாம் வகை, தடுப்பூசி வேண்டும். தோலைத் துளைத்த கடி, காயத்திலோ வாய், கண் போன்ற இடங்களிலோ எச்சில் படுவது, வௌவாலோடு நேரடியாகத் தொடர்பு ஏற்படுவது மூன்றாம் வகை, தடுப்பூசியோடு எதிர்ப்புரதமும் (இம்யூனோகுளோபுலின்) வேண்டும். காயம் எதுவானாலும் உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும்.

இதற்கான தடுப்பு முறையைக் ‘கடிக்குப் பிந்தைய தடுப்பு’ என்று எழுதினால் என்ன ஆகும்? “கடிக்கலையே, புண்ணுல நக்கத்தானே செஞ்சது” என்று ஒருவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். ‘தொற்றுக்குப் பிந்தைய’ என்றால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்படும். ‘வெளிப்பாட்டுக்குப் பிந்தைய’ என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. படுமானத்துக்குப் பின்னான தடுப்பு என்றால் நக்கியதும் பட்டதுதான் என்று அவருக்குத் தெரியும். இந்த ஓர் இடத்துக்காகவாவது சொல்லை மாற்ற வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

இதே சொல் பொருந்தாத இடமும் உண்டு. கொள்ளைநோய்க் கணித மாதிரிகளில் மக்களை நான்காகப் பிரிக்கும்போது, இரண்டாவது பிரிவுக்கு ‘எக்ஸ்போஸ்டு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் கிருமி ஏற்கெனவே தொற்றியவர்கள், இன்னும் பிறருக்குப் பரப்பாதவர்கள். அங்கே ‘மறைநிலையில் உள்ளவர்’ என்றே எழுத வேண்டும். மூலச்சொல் ஒன்று என்பதற்காகத் தமிழிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

தொடர்புடைய மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எக்ஸ்போஷர் லிமிட் படுமான வரம்பு. வேலையிடத்தில் நேர்வது தொழில்வழிப் படுமானம். 2005இல் கிறிஸ்டோபர் வைல்டு உருவாக்கிய ‘எக்ஸ்போசோம்’, அதாவது கருவிலிருந்து தொடங்கி வாழ்நாள் முழுவதும் ஒருவர் மேல் பட்டவற்றின் மொத்தத்துக்கு, மரபணுத்தொகுதியைப் போலப் படுமானத்தொகுதி எனலாம். ஹசார்டு (ஒரு பொருளின் தீங்கியல்பு), ரிஸ்க் (அதனால் தீங்கு நேரும் வாய்ப்பு) இரண்டையும் ‘இடர்’ என்றே எழுதுகிறோம், அது தனிப் பஞ்சாயத்து, தனி இழையில் பேசுவோம். இப்போதைக்கு ஒன்று: பொருளின் தீங்கியல்பு எவ்வளவு பெரிதானாலும், படுமானம் இல்லையென்றால் ரிஸ்க் இல்லை.

ஒரு முடிச்சு மட்டும் எனக்கு அவிழவில்லை. ஆய்வுகளில் நஞ்சு பட்டவர்களையும் படாதவர்களையும் இரு குழுக்களாக ஒப்பிடுகிறார்கள். ‘பட்டோர் குழு, படாதோர் குழு’ என்பது சுருக்கமாக, அழகாக இருக்கிறது. ஆனால் ‘பட்டோர்’ என்றதும் துன்பப்பட்டவர் என்ற நினைப்பு வருகிறது. ‘படுமானம் உற்றோர்’ நீளம். களத்தில் மக்களிடம் கேள்வித்தாள் கொடுத்து வேலை செய்பவர்கள் இரண்டையும் சொல்லிப் பார்த்து, எது தடங்கலில்லாமல் புரிகிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்.