பதின்ம வயது அக்காள் மகனின் மனநிலை: தமிழில் பேசும் ஆலோசகர் தேவை

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு, ஜெலுத்தோங்கில் வசிக்கும் என் அக்காள் மகன், படிவம் 4 (16 வயது) மாணவன், சில மாதங்களாக யாரிடமும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. தைப்பூசத்துக்கென ஆசையாய் வாங்கிய உருமி மேளத்தை உறைகூடப் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான். பள்ளி விட்டு வந்ததும் சீருடையோடு படுத்துக்கொள்கிறான். இந்த வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் ஹார்மோன் தாமதமாகச் சுரப்பதால் இரவில் தூக்கம் பிந்துவது இயல்பென அறிவேன். ஆயினும், மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்பே தொடங்குவதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுவதாலும், பதின்ம வயதினரின் மனச்சோர்வு அழுகையாக அல்லாமல் சிடுசிடுப்பாகவும் வெளிப்படும் என்பதாலும், 'வயசுக் கோளாறு' என்று பாட்டி சொல்வதை ஏற்க மனம் ஒப்பவில்லை.

அரசாங்க கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் பெற்று, மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்கள், முதல் சந்திப்புக்கு எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள், பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் தனியே பேசினார்களா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். பினாங்குத் தீவிலோ பட்டர்வொர்த், பிறை பக்கமோ தமிழில் பேசக்கூடிய ஆலோசகர் இருந்தாலும் சொல்லுங்கள். மலாயில் மனம்விட்டுப் பேச அவன் தயங்குகிறான். சுகாதார அமைச்சின் ஹீல் 15555 என்ற மனநல உதவி எண்ணை அவன் கைப்பேசியில் பதிந்து வைத்துள்ளோம். பொதுவில் எழுத விரும்பாதவர்கள் தனிச்செய்தி அனுப்பலாம்.