கிராமக் குருசேகரம்: மாலைப் படிப்பகமும் முதியோர் மதிய உணவும் நடத்த ஆண்டுக்கு 2,60,000 ரூபாய் திரட்டுவது எப்படி?

ஊர்க்கோயில்_செயலர்

ஸ்தோத்திரம். திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டை போகும் பக்கம் எங்கள் குருசேகரம் (ஒரே ஆயரின் கீழுள்ள சபைகள்). ஆங்கிலிக்கன் வழியில் வந்து 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்த பழைய சபை. தாய்ச்சபை ஒன்று, கிளைச்சபை இரண்டு, மொத்தம் 62 குடும்பங்கள். பாதிப்பேர் கூலி வேலை. ஊரைவிட்டுப் போய் ஆவடி, அம்பத்தூர், பெரம்பூர் பக்கம் குடியேறிய குடும்பங்கள் 40 இருக்கும்.

சாதி மதம் பாராமல் இரண்டு வேலைகள் தொடங்க கமிட்டி தீர்மானித்திருக்கிறது.

மாலைப் படிப்பகம்: 30 பிள்ளைகள், ஆண்டில் 10 மாதம். ஆசிரியை இருவருக்கு மாதம் 4,000 வீதம் 80,000. சுண்டல், பால் ஒரு பிள்ளைக்கு 8 ரூபாய், மாதம் 20 நாள் என்றால் 48,000. நோட்டு, மின்சாரம் 12,000. ஆக 1,40,000.

தனியாக இருக்கும் முதியோருக்கு வாரம் இருமுறை மதிய உணவு: 25 பேர், மாதம் 8 நாள், சாப்பாடு ஒன்றுக்கு 50 ரூபாய். மாதம் 10,000, ஆண்டுக்கு 1,20,000.

பணத்துக்கு யோசித்திருப்பவை: அறுப்பின் பண்டிகை ஏலம் (அறுவடை நன்றி விழாவில் சபையார் படைக்கும் பொருள்களை ஏலம் விடுவது), லக்கி டிரா டிக்கெட், விளம்பரம் வாங்கி விழா மலர், வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்பது. எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது? கணக்கோடு சொன்னால் கமிட்டியில் வாசிப்பேன்.

வெஸ்ட்ரி_கணக்கு

பிரதர், நீங்கள் எழுதிய நான்குமே ஆண்டுக்கு ஒருமுறை வரும் பணம். செலவோ மாதாமாதம் வருவது. கிராமத் திருச்சபைகளில் இத்தகைய ஊழியங்கள் ஆறாம் மாதம் நின்றுபோவது பெரும்பாலும் இந்தப் பொருத்தமின்மையால்தான். முதலில் மாத வாக்குத்தத்தக் காணிக்கையை (மாதம் இவ்வளவு தருவேன் என்று முன்பே எழுதிக் கொடுப்பதை) ஏற்படுத்துங்கள், விழாப் பணம் அதன்மேல் வரட்டும்.

ஊரில் 50 குடும்பம் மாதம் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 60,000. சென்னைக் குடும்பங்கள் 40 பேர் 200 வீதம் 96,000. ஆக 1,56,000. இதை அப்படியே பட்ஜெட்டில் எழுதிவிடாதீர்கள். முக்கால் பங்கு, அதாவது 1,17,000 என்றே போடுங்கள். வாக்கு கொடுப்பவர்கள் பொய் சொல்வதில்லை. வேலை போகும், கல்யாணம் வரும், ஆஸ்பத்திரிச் செலவு வரும். கூலி வேலை செய்யும் வீட்டுக்கு 100 ரூபாய் பாரமென்றால் 20 எழுதட்டும். தொகை வாரியாகப் பெயர்ப் பட்டியலை மட்டும் பலகையில் ஒட்டாதீர்கள். 20 ரூபாய் கொடுத்தவர் அடுத்த மாதம் கோயிலுக்கு வரவே கூச்சப்படுவார்.

மூன்று மாதச் செலவு, சுமார் 65,000, கையில் சேர்ந்த பிறகு தொடங்குங்கள். ஜூனில் படிப்பகம் திறக்க வேண்டுமானால் வாக்குப் படிவத்தைப் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தாக வேண்டும். அவ்வளவு சேரவில்லையா, மதிய உணவை வாரம் ஒருநாளாகத் தொடங்குங்கள். ஒருநாளை இரண்டாக்கினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இரண்டை ஒன்றாக்கினால் அந்த 25 பேர் பட்டினி கிடப்பார்கள்.

கணக்கு விஷயம். பொது வரவில் ஒரு ரூபாய்கூடக் கலக்கக் கூடாது. பேரேட்டில் படிப்பகத்துக்கு ஒரு தலைப்பு, உணவுக்கு ஒரு தலைப்பு. ரசீதிலும் அதே தலைப்பு இருக்க வேண்டும். மிச்சம் விழுந்தால் எதற்குப் போகும் என்பதை இப்போதே தீர்மானமாக எழுதி ரசீதின் அடியில் அச்சிடுங்கள். உணவுக்கு வாங்கிய பணத்தில் கோபுரத்துக்கு வெள்ளையடித்தார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அடுத்த ஐந்து ஆண்டுக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள். இந்த வரவு அசெஸ்மென்ட் (பேராயத்துக்கு, அதாவது பிஷப்பின் நிர்வாகத்துக்கு, சபை கட்டும் பங்கு) கணக்கில் சேருமா, சேராதா என்பதையும் பேராய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காணிக்கை எண்ணுவது ஆராதனை முடிந்த உடனே, கோயிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறையிலேயே, உறவுக்காரர் அல்லாத இருவர். எந்த நோட்டு எத்தனை என்று சீட்டு எழுதி இருவரும் கையெழுத்து, திங்கட்கிழமை வங்கியில். டிரஷரர் வீட்டுக்குப் பையோடு எடுத்துப்போய் எண்ணும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அவர் உத்தமராகவே இருப்பார். அவரைப் பாதுகாக்கவே இந்த ஏற்பாடு.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. ஆயர் மாற்றம் வரும்போது வங்கியில் கையெழுத்து மாற்ற வாரக்கணக்கில் இழுக்கும். அந்த நேரத்தில் ஆசிரியைக்குச் சம்பளமும் கடைக்காரருக்குப் பாக்கியும் நின்றுவிடும். மாற்றம் வரும் என்று தெரிந்ததும் ஒரு மாதச் செலவுக்குக் கமிட்டித் தீர்மானத்தோடு முன்பணம் எடுத்து வையுங்கள்.

பிடியரிசி

செயலர் ஐயா, 50 ரூபாயில் கேஸும் சமைப்பவர் கூலியும் சேர்ந்திருக்கிறதா? வீட்டு உபயோகச் சிலிண்டரைப் பொதுச் சமையலுக்கு வைக்கக் கூடாது. நீல நிற 19 கிலோ வணிகச் சிலிண்டர் எடுக்க வேண்டும், அதற்கு டெபாசிட் தனி. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் முறை வைத்துச் சமைத்தால் கூலி மிச்சம். ஆனால் மூன்று பேர் கொண்ட நான்கு குழுவாவது வேண்டும். ஒரே இரண்டு அக்காமார் தலையில் விழுந்தால் நான்கு மாதத்தில் ஓய்ந்துவிடுவார்கள்.

25 முதியோருக்கு அளவு: அரிசி 3 கிலோ (ஆளுக்கு 120 கிராம், குழைய வடிக்க வேண்டும்), துவரம் பருப்பு 750 கிராம், காய்கறி இரண்டரைக் கிலோ, எண்ணெய் கால் லிட்டர். வாரத்தில் ஒருநாள் முட்டை. உப்பைக் குறைத்துப் போடுங்கள், வேண்டுபவருக்கு ஊறுகாய் தனியே கொடுக்கலாம். படுக்கையில் இருப்பவருக்குத் தூக்குவாளியில் கொண்டுபோனால் இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் அவர் சாப்பிட்டுவிட வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் தேங்காய் அரைத்து ஊற்றிய எதுவும் வேண்டாம், புளித்துவிடும்.

அரிசிக்குப் பணமே வேண்டியதில்லை. பழைய கைப்பிடி அரிசிக் காணிக்கையை எடுங்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி தனிப் பானையில். ஒரு பிடி ஏறக்குறைய 45 கிராம், மாதம் ஒரு வீட்டில் 1,350 கிராம். 62 வீட்டில் 40 வீடு போட்டாலே 54 கிலோ. உங்கள் தேவை மாதம் 24 கிலோதான்.

இந்த ஏற்பாடு கெட்டுப்போவதும் அரிசி கலப்பதில்தான். பொன்னி, இட்லி அரிசி, பச்சரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒரே சாக்கில் கொட்டினால் ஒன்று குழையும்போது இன்னொன்று விறைத்து நிற்கும். கோயில் வாசலில் மூன்று டின் வையுங்கள்: புழுங்கல், பச்சரிசி, ரேஷன். பச்சரிசி பொங்கலுக்கும் கஞ்சிக்கும் ஆகும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீடுகளிலிருந்து வாங்கிவிட வேண்டும், மாதக் கடைசி வரை விட்டால் வண்டு விழும். காய்ந்த வேப்பிலையும் வரமிளகாயும் போட்டு வைக்கலாம்.

மிஞ்சும் 30 கிலோவை விற்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ரேஷன் அரிசியை ஏலம் விடுவதோ கடைக்குப் போடுவதோ குற்றம். அதைச் சமைத்துக் கொடுக்கலாம், விற்கக் கூடாது. விற்பதானால் புழுங்கல் டின்னில் இருப்பதை மட்டும். பருப்பும் எண்ணெயும் மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கும்போது செங்குன்றத்து மண்டியிலும் ஒரு விலை கேட்டுப் பாருங்கள்.

மூணுதரம்

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வரவு நன்றாகத் தெரியும், வசூல் ஆகாது. அன்றைக்கு 90,000 ஏலம் போனது என்று மைக்கில் அறிவிப்பார்கள், ஈஸ்டர் வரை 30,000 நிலுவை நிற்கும். காரணம் உற்சாகம். பூசணிக்காயை 50-ல் தொடங்கி இரண்டு பங்காளிகள் போட்டி போட்டு 4,000-க்கு ஏற்றிவிடுவார்கள். வீட்டுக்குப் போனதும் பூசணிக்காயும் மனஸ்தாபமும் மிஞ்சும்.

பொருளுக்கு எண் கட்டுங்கள். ஏலம் கூறுபவர் ஒருவர், எழுதுபவர் இருவர், ஒரே பதிவு இரண்டு நோட்டில். மூன்றாம் தரம் சொன்னதும் எண், பெயர், தொகை எழுதிய சீட்டு வாங்கியவர் கைக்குப் போக வேண்டும். சீட்டைக் காட்டிப் பணம் கட்டிய பிறகே பொருள். அன்றே கட்ட முடியாதவருக்கு அடுத்த ஞாயிறு வரை தவணை, பொருளும் அதுவரை வெஸ்ட்ரியிலேயே. கோழி, கீரை போன்றவை மட்டும் கைக்குக் கை.

பக்கத்தில் நிலையான விலை மேசை ஒன்று போடுங்கள்: 20, 50, 100 ரூபாய்ப் பொருள்கள். கூட்டத்தில் கை தூக்க முடியாத விதவைத் தாய்மாரும் பிள்ளைகளும் அங்கே வாங்குவார்கள். அந்த மேசையின் பணம் முழுக்க அன்றே கைக்கு வரும்.

நாள் முக்கியம். சம்பா அறுத்து நெல் விற்ற பணம் கையில் இருக்கும் தையில் அல்லது மாசித் தொடக்கத்தில் வையுங்கள். பந்தல், மைக், சாப்பாட்டுச் செலவைக் கழித்து நிற்பதுதான் வரவு. 62 குடும்பச் சபைக்கு 60,000 நிகரம் என்று வைத்துக்கொள்ளலாம், அதற்குமேல் எதிர்பார்த்துப் பட்ஜெட் போடாதீர்கள்.

விழா மலர் வேண்டாம். அச்சுக்கூலி முன்னால் போகும், விளம்பரப் பணம் பின்னால் வரும், சிலது வராமலே போகும்.

தணிக்கைமேசை

லக்கி டிரா கட்டாயம் வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்குத் தடை. கோயில் காரியம் என்பதற்காகக் குலுக்கல் சீட்டு விற்பது சட்டத்தின் கண்ணில் வேறாகிவிடாது.

வெளிநாட்டுப் பணம்: யார் அனுப்புகிறார், அவர் பாஸ்போர்ட் எது என்பதுதான் கேள்வி, எந்த நாணயம் என்பதல்ல. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் பாஸ்போர்ட் நகலும் ஒரு கடிதமும் கோப்பில் வையுங்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டவர், ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான். அவர் ஊருக்கு வந்து ரூபாய் நோட்டாகவே கொடுத்தாலும் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவில்லாத கணக்கு அதை வாங்கக் கூடாது. பதிவு உள்ளவர்களும் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையிலுள்ள கணக்கில்தான் முதலில் பெற வேண்டும். சென்னையில் பதிவுள்ள நிறுவனம் ஒன்று தன் கணக்கில் வாங்கி உங்களுக்கு மாற்றிக் கொடுப்பதும் அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு முடியாது. அன்பினால் யாராவது அப்படிச் சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

வரிச்சலுகை: உங்கள் ரசீதுப் புத்தகத்தில் வரிச்சலுகை உண்டு (80ஜி) என்று நீங்களாக அச்சிடக் கூடாது. அந்தப் பதிவு உள்ள அமைப்பின் பெயரில் வாங்கினால்தான் கொடுப்பவருக்குச் சலுகை, அதுவும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்குக் கிடையாது. ஒரு மத சமூகத்தாருக்கு மட்டுமான காரியத்துக்கும் அது பொருந்தாது. ஆகவே படிப்பகமும் உணவும் எல்லாருக்கும் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதியது நல்லது. பிள்ளைகள் பதிவேட்டிலும் அது தெரிய வேண்டும். இதற்கென்று அவசரப்பட்டுத் தனி டிரஸ்ட் பதிவு செய்யாதீர்கள். சபைச் சொத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்க, அதே கட்டடத்தில் வேறு டிரஸ்ட் இயங்கினால் பின்னால் வழக்குக்கு வழி. பேராய அலுவலகத்தைக் கேட்டு அவர்கள் பதிவின் வழியாகப் போங்கள்.

ஊர்க்கோயில்_செயலர்

எல்லாருக்கும் நன்றி. லக்கி டிராவும் மலரும் எடுத்துவிட்டோம். இரண்டு சந்தேகம். ஒன்று, சென்னைக் குடும்பங்கள் ஜிபேயில்தான் போடுவார்கள், எது எந்தத் தலைப்புக்கு என்று எப்படிப் பிரிப்பது? இரண்டு, டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் (வீடுவீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக் காணிக்கை வாங்குவது) சென்னைக்கும் போகலாம் என்று வாலிபர் சங்கம் கேட்கிறது. பட்டணத்துச் சபைகளிடமும் போய் நிற்கலாமா?

வெஸ்ட்ரி_கணக்கு

கியூஆர் அட்டை குருசேகரக் கணக்கின் பெயரில் மட்டும். டிரஷரரின் சொந்த எண்ணில் ஒரு நாள்கூட வாங்காதீர்கள். தலைப்பு பிரிக்கக் கடைசி இலக்கத்தைப் பயன்படுத்துங்கள்: படிப்பகத்துக்கு 201, உணவுக்கு 202. 501, 502 என்று எவ்வளவு போட்டாலும் கடைசி இலக்கம் பேசும். 200, 500 என்று முழுத் தொகையாக வந்தால் உணவுக்கு என்று தீர்மானம் எழுதிவிடுங்கள்.

பழைய ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தக ஒழுங்கில் நற்கருணை ஆராதனைக் காணிக்கையை ஏழைகளுக்கான தர்மம் என்றே சொல்லியிருக்கிறது. மாதத்தில் ஒரு நற்கருணை ஞாயிற்றின் காணிக்கையை இந்த ஊழியத்துக்கு ஒதுக்க ஆயரிடம் கேளுங்கள். லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) நாட்களுக்கு வீட்டுக்கு ஒரு உண்டியல், சாம்பல் புதன் அன்று கொடுத்து குருத்தோலை ஞாயிறு அன்று திரும்ப வாங்குங்கள். உண்டியலுக்கு எண் போட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் கால்வாசி திரும்பாது.

மூணுதரம்

கேரலுக்கு வேன் கணக்கு பாருங்கள். வீட்டுக்கு 20 நிமிடம் என்றால் ஒரு மாலையில் 12 வீடு. வீட்டுக்கு 500 கொடுத்தால் 6,000. வேன் வாடகை 4,500 என்றால் மிஞ்சுவது 1,500. பத்துப் பேர் மின்சார ரயிலில் போங்கள்: ஒரு நாள் பட்டாபிராம், ஆவடி, மறுநாள் அம்பத்தூர், பெரம்பூர். கேரல் பணம் வழக்கமாக வாலிபர் சங்கத்துக்கு என்றால் எத்தனை பங்கு ஊழியத்துக்கு என்பதை நவம்பரிலேயே பேசி முடியுங்கள். பாடிவிட்டு வந்து பேசினால் சண்டை.

பட்டணத்துச் சபையிடம் உங்கள் ஆயர் அந்த ஆயருக்கு எழுதி, நாள் வாங்கிய பிறகு போங்கள். அவர்களுடைய அறுப்பின் பண்டிகை மாதத்தைத் தவிருங்கள். பொதுவாக உதவி என்று கேட்காமல் ஒரு மாத மதிய உணவு 10,000 என்று கேளுங்கள். கூடவே உங்கள் ஊர் வேர்க்கடலை, செக்கு எண்ணெய், கீரை வைத்து வாசலில் ஒரு மேசை. முதல் ஆராதனை விடுவதற்குள் கீரை அங்கே இருக்க வேண்டும், ஈரச் சாக்கில் சுற்றி 40 கட்டுக்கு மேல் வேண்டாம். இரண்டாம் ஆராதனைக்குள் வாடிவிடும். எண்ணெய் பாட்டிலை முதல்நாளே நிரப்பித் தலைகீழாக வைத்துப் பாருங்கள். மூடி கசிந்தால் பஸ்ஸில் பாதி போய்விடும்.