பவுடர் அளவு ஒவ்வொரு முறையும் மாறுகிறது, ஏன்?

கராஜ்வாசி (டெக்சாஸ்):
மூன்று மாதமாக 9 எம்எம் துப்பாக்கித் தோட்டாக்களில் பவுடரை (வெடிமருந்தை) நானே நிரப்புகிறேன். மெஷரை (பவுடரை அளந்து கொட்டும் கருவி) 4.5 கிரெயினுக்கு (எடை அலகு) வைத்தால் ஒன்று 4.2 விழுகிறது, அடுத்தது 4.8. பவுடர் தட்டைத் துகள் வகை. மேசைக்கு மேலே மின்விசிறி ஓடும், இல்லாவிட்டால் இந்த வெயிலில் உட்கார முடியாது. நேற்று நிரப்பிய 60 தோட்டாக்களையும் பிரித்துக் கொட்டினேன். எரிச்சல்தான்.

பழையகை:
பிரித்தது நல்ல காரியம். முதலில் விசிறியை நிறுத்துங்கள். 0.1 கிரெயின் என்பது சுமார் 6.5 மில்லிகிராம், மூச்சுக் காற்றுக்கே தராசு ஆடும். ஒரே கொட்டலை ஐந்து முறை எடை போட்டுப் பாருங்கள். எண் மாறினால் குற்றவாளி தராசு, மெஷர் அல்ல.

வார_இறுதி:
தட்டைத் துகள் மெஷரின் குறுகிய வழியில் பாலம் கட்டி நிற்கும். ஒரு கூட்டில் (தோட்டாவின் உலோக உறை) குறைவாக விழும், மிச்சம் அடுத்ததில் சேர்ந்து விழும். பயப்பட வேண்டியது இதற்குத்தான். ஹாப்பரில் (மெஷரின் மேலுள்ள பவுடர் கலம்) பவுடர் பாதிக்குக் கீழே இறங்க வேண்டாம், உள்ளே தடுப்புத் தகடு போடுங்கள், கைப்பிடியை ஒரே வேகத்தில் இழுங்கள். குண்டு வைக்குமுன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பாருங்கள். உருண்டைத் துகளுக்கு மாறினால் சீராக விழும். ஆனால் அந்தப் பவுடருக்கான கையேட்டின் தொடக்க அளவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கராஜ்வாசி:
பாதித் தவறு விசிறியுடையது! தகடும் போட்டேன். இப்போது 4.4க்கும் 4.6க்கும் நடுவே நிற்கிறது. வியர்வைதான் தாங்கவில்லை.